கில்மன் தெரு 924: பாப் பங்க் வளர்ந்த வீடு

பாப் பங்க் இசைக்கு வித்திட்டவர்கள் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவினர். 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுகூட மூன்று நிமிடத்தை எட்டவில்லை. ஆனால் அத்தனை வேகத்துக்குள்ளும் கேட்டவுடன் வாய் முணுமுணுக்கும் மெட்டு இருந்தது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு அந்த மெட்டில் காதல் ஏக்கத்தைச் சேர்த்தது. கலிஃபோர்னியாவின் டிசென்டன்ட்ஸ் 1982-இல் 'மைலோ கோஸ் டு காலேஜ்' ஆல்பத்தைத் தந்தார்கள். பாடகர் மைலோ உண்மையிலேயே கல்லூரிக்குப் படிக்கப் போனதால் வந்த பெயர் அது.

வித்து எங்கெங்கோ விழுந்தாலும், பயிர் செழித்த மண் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரிலுள்ள கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடம். பெரும்பாலும் மதுக்கடைகளில்தான் கச்சேரி என்றிருந்த நாட்டில், வயது குறைந்த பிள்ளைகள் இசை கேட்க இடம் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க 'மேக்சிமம் ராக் அண்ட் ரோல்' இதழின் ஆசிரியர் டிம் யொஹானன் முன்வந்தார். விக்டர் ஹேடன், கமலா பார்க்ஸ் முதலானோர் தோள் கொடுத்தார்கள். கிடங்காக இருந்த இடத்தை அரங்காக்கும் வேலையின் பெரும்பகுதியைத் தொண்டர்களே செய்தார்கள். 1986 டிசம்பர் 31 இரவு முதல் கச்சேரி நடந்தது.

உள்ளே வர உறுப்பினர் அட்டை வேண்டும். மது, போதை, வன்முறை, இனவெறி, பெண்களை இழிவுபடுத்துதல், தன்பாலின ஈர்ப்பாளரை வெறுத்தல் எதற்கும் இடமில்லை என்று பெரிய எழுத்தில் சுவரில் தீட்டியிருந்தார்கள். வாசலில் காசு வாங்கியவர்களும், ஒலிக்கருவிகளைக் கவனித்தவர்களும், கச்சேரி முடிந்து தரையைக் கூட்டியவர்களும் ஊதியம் வாங்காத தொண்டர்கள். நேற்று கூட்டத்தில் நின்ற பையன் அடுத்த வாரம் மேடையில் நிற்பான். இந்த இசையின் பிற்காலப் பெருமை அனைத்துக்கும் அடித்தளம் இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

1987-இல் லாரி லிவர்மோரும் டேவிட் ஹேஸும் லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அரங்கின் பிள்ளைகளுக்கு இசைத்தட்டு வழி திறந்தார்கள். லிவர்மோர் மலைப்பகுதியில் வாழ்ந்தவர். பக்கத்து வீட்டுச் சிறுவனைப் பன்னிரண்டு வயதிலேயே தம் குழுவின் ட்ரம்ஸ் முன் உட்கார வைத்து, ட்ரே கூல் என்று பெயரும் சூட்டியவர்.

1988-இல் சோதனை வந்தது. யொஹானனும் அவருடைய இதழும் விலகிக்கொள்ள, அரங்கு மூடப்பட்டது. தொண்டர்கள் கலைந்துபோகவில்லை. சில வாரங்களிலேயே பொறுப்பைத் தாங்களே ஏற்றுக் கதவைத் திறந்தார்கள்.

அந்த ஆண்டுகளின் மணிமகுடம் ஆபரேஷன் ஐவி குழுவின் 'எனர்ஜி'. முதலில் கில்மன் அரங்கிலேயே ஒலிப்பதிவு செய்யப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு சான் பிரான்சிஸ்கோ ஸ்டுடியோ ஒன்றில் முடித்தார்கள். 1989-இல் ஆல்பம் வந்தது, அதே ஆண்டு மே மாதம் கில்மன் மேடையில் குழு விடைபெற்றது. இரண்டே ஆண்டு வாழ்ந்த குழு. அதிலிருந்த டிம் ஆம்ஸ்ட்ராங்கும் மாட் ஃப்ரீமனும் பின்னர் ரான்சிட் குழுவைக் கட்டி, 1995-இல் '...அண்ட் அவுட் கம் த வுல்வ்ஸ்' ஆல்பத்தால் அந்தப் பரம்பரையை நிலைநாட்டினார்கள்.

'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் தொடங்கி 'கிரீன் டே' ஆன குழுவின் முதல் ஆல்பமான '39/ஸ்மூத்' 1990-இல் லுக்அவுட் வழியே வந்தது. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டர்ன்ட் இருவருக்கும் ஒலிப்பதிவின்போது வயது பதினேழு. செலவு சில நூறு டாலர். அடுத்த ஆல்பமான 'கெர்ப்ளங்க்'கில் ட்ரம்ஸ் வாசித்தவர் லிவர்மோர் வளர்த்த அதே ட்ரே கூல்.

பிறகு ரீப்ரைஸ் என்ற பெரிய நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. பெரிய நிறுவனக் குழுக்களுக்கு மேடை இல்லை என்ற விதியை அரங்கு தன் செல்லப் பிள்ளைகளுக்காகவும் அப்போது தளர்த்தவில்லை. வீட்டை விட்டு வெளியேறியவர்கள் 1994 பிப்ரவரியில் 'டூக்கி' ஆல்பத்தைத் தந்தார்கள். அது அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகளைக் கடந்தது. கிராமி விருதும் பெற்றது. அட்டைப் படத்தை வரைந்த ரிச்சி புக்கர் பெர்க்லிக்காரர். அதில் காணும் தெருவும் பெர்க்லியின் டெலிகிராஃப் அவென்யூ. உலகமெங்கும் போன அட்டையில் சொந்த ஊர் இருந்தது.

திறந்த வழியில் பலர் நடந்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் பிளிங்க்-182 குழு 1999-இல் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' ஆல்பத்தால் அடுத்த தலைமுறையை ஈர்த்தது. 2004-இல் கிரீன் டே 'அமெரிக்கன் இடியட்' மூலம் அரசியலை ஒரு தொடர்கதையாகப் பாடியது. யொஹானன் 1998-இல் புற்றுநோயால் காலமானதால் இதைக் காண அவர் இல்லை.

2015 மே மாதம் கிரீன் டே கில்மன் மேடையில் மீண்டும் ஏறியது. தீ விபத்தில் நலிந்த ஏகே பிரஸ் பதிப்பகத்துக்கும் அண்டையிலிருந்த அச்சகத்துக்கும் நிதி திரட்ட நடந்த கச்சேரி அது. ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம்பெற்ற அடுத்த மாதமே, அவர்கள் அங்கே தொண்டுக்காக வாசித்தார்கள்.