சிறைவாயிற் படமும் தங்கவயல் தமிழரும்

கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் பழம் படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது உலக வழக்கு. சிறைச்சாலையின் தலைவாயிலையும் எழிலுற அச்சிட்டு விற்ற காலம் ஒன்றுண்டு. அது விக்டோரியா மகாராணியின் காலம். அத்தகைய படம் ஒன்றைக் காணுங்கால் தங்கவயல் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை பலவாகும்.

1842இல் இலண்டனில் பெண்டன்வில் சிறை திறக்கப்பெற்றது. கோட்டை வாயிலை நினைவூட்டும் அதன் முகப்பை அமைத்தவர், பிரித்தானிய நாடாளுமன்ற மாளிகையை வடிவமைத்த சார்லசு பாரி ஆவார். உள்ளே 520 தனியறைகள். அறையை விட்டு வெளியே வரும் கைதி, பிறர் தன்னை அறியாவண்ணம் முகத்தை மறைத்துக் கொள்ளல் வேண்டும். வாயிற் படத்தில் கல்லின் கம்பீரம் தோன்றும். உள்ளே முகமிழந்து நடந்தவனின் துயரம் தோன்றாது. காண்போர் நெஞ்சில் அச்சத்தை விதைப்பதே அவ்வாயிலின் நோக்கம்.

அந்நாட்டுச் சிறைக் கொள்கைகள் நம் நாட்டையும் வந்தடைந்தன. மைசூர் நாடு ஆங்கில ஆணையர் ஆட்சியில் இருந்தபோது, 1867இல் பெங்களூரு மத்தியச் சிறை எழுந்தது. நடுவில் நின்று நாற்புறமும் நோக்கும் கண்காணிப்புக் கோபுரம் அதன் சிறப்பு. பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூறிய கருத்தின் சாயல் அது. அப்போது ஆணையராய் இருந்தவர் பௌரிங். நம் முன்னோர் இரயிலில் வந்திறங்கிக் கிளைப்பாதைக்கு மாறிய பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டை, அவர் பெயரையே தாங்கி நின்றது!

நெருக்கடி நிலையின்போது நடிகை சினேகலதா ரெட்டி அச்சிறையில் அடைபட்டார். நோயுற்று வாடிய அவர், விடுதலை பெற்ற சில நாட்களில், 1977 சனவரியில் மறைந்தார். 2008இல் அவ்விடம் விடுதலைப் பூங்காவாக மாறிற்று. கோபுரம் நிற்கிறது, கைதிகள் இல்லை.

தமிழர் மறக்கவொண்ணாத சிறை கோயம்புத்தூர்ச் சிறை. சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 சூலை 7ஆம் நாள் விதிக்கப்பட்ட கொடுந்தண்டனை மேல்முறையீட்டிற் குறைக்கப்பட்டது. எனினும், கற்றறிந்த வழக்கறிஞர் அச்சிறையில் மாடுபோற் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912 திசம்பர் 24இல் விடுதலையுற்றார். வாயிலில் அவரை வரவேற்றோர் மிகச் சிலரே! அதற்கு முன்பே அவர்தம் கப்பல் நிறுவனமும் அழிந்துவிட்டது. சிறைவாயிலினும் கொடியது மக்களின் மறதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் தங்கவயலை நோக்குவோம். 1880இல் சான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் ஊன்றிற்று. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் பூமியின் ஆழத்துள் இறங்கினர். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவர்கள் குற்றம் புரிந்தவரல்லர், உழைக்க வந்தோர். ஆயினும் அவர்தம் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளியின் விரலைப் பதிக்கும் மையில் உழைப்பாளியின் விரலும் தோய்வதா என்னும் மான உணர்வை அதிற் காண்கிறோம். 1946 நவம்பர் 4இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர் நீத்தனர்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத் தூக்குக் கோபுரங்களை இன்று பலரும் படமெடுக்கின்றனர். சட்டமிட்டால் அவையும் அழகாகவே இருக்கும். ஆனால் நாளை நம் பேரர்கள் அப்படத்தில் இரும்பை மட்டும் காண்பார்களாயின், பெண்டன்வில் வாயிற் படத்திற்கு நேர்ந்ததே நம் சரித்திரத்திற்கும் நேரும்.

ஆதலின் தங்கவயல் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. பாட்டனாரின் பணிச்சீட்டு, நிழற்படம், அவர் இறங்கிய சுரங்கத்தின் பெயர், புறப்பட்டு வந்த சிற்றூரின் பெயர் இவற்றை எழுதிக் காப்போம். வாயிலைக் கட்டியோரை வரலாறு தானே நினைவில் வைத்துக்கொள்ளும். வாயிலுக்குள் சென்றோரை நினைவிற் கொள்ளும் கடமை நம்முடையது.