கிராணி கொண்டுபோன உடன்பிறப்புகள்

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேல்தளம் நம்மை வரவேற்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று இலக்கியம் இதனைப் போற்றுகிறது. கத்தோலிக்கராகிய நமக்கோ இம்மலையின் அடிவாரம் வேறொரு வகையிலும் நினைவிற்குரியது. 1623ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார், இராமச்சந்திர நாயக்கரின் ஆட்சியிலிருந்த சேந்தமங்கலத்திற்கு வந்து, பின்னர் சேலம் நோக்கிச் சென்றார்.

ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குப் பின் இதே ஊர் வழியாக மற்றொரு மறைப்பணியாளர் மலையேறினார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆங்கிலேய பாப்திஸ்து சபையினரான ஜெசி பிராண்ட். 1913இல் எவலின் அம்மையாரை மணந்து, இருவருமாக மலைமக்களிடையே குடியேறினர். முறையான மருத்துவப் பட்டம் அவரிடம் இல்லை. மறைப்பணியாளருக்கென அளிக்கப்பட்ட குறுகிய காலப் பயிற்சியே அவரது முதலீடு. மலேரியா, நரம்புச்சிலந்தி, சீதபேதி ஆகிய மூன்றும் அந்நாளில் மலைமக்களை வாட்டின. 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலுக்கு அவரே இரையானார். 1914இல் இம்மலையில் பிறந்த அவர் மகன் பால் பிராண்டே பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை மருத்துவர் என்பதை வாசகர்கள் அறிவர்.

வயிற்றுநோய் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒரே நோயன்று. கிருமியால் வரும் சீதபேதி ஒன்று. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல், நாள்பட்ட கழிச்சலாக உயிரை உறிஞ்சும் கிராணி மற்றொன்று. வெளிப் பகைவன் எவனுமின்றி, உடலின் காவற்படையே தன் குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் குடல் அழற்சி மூன்றாவது. முதலாவதற்கு மருந்து ஓரளவு முன்னரே கிடைத்தது. அமீபாச் சீதபேதிக்கு எமெட்டின் ஊசி பயன்தருவதைக் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் 1912இல் எடுத்துக்காட்டினார். மற்ற இரண்டிற்கும் மருத்துவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலம் அது. அக்காலத்தில்தான் நம் பழைய சென்னை மாகாணத்து இளைஞர் ஒருவரின் வீட்டிற்குள் கிராணி புகுந்தது.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அறுவைப் பாடத்தின்போது கதராடை அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானதால், உயர் பட்டம் மறுக்கப்பட்டு அதனினும் தாழ்ந்த சான்றிதழே பெற்றார். அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கிராணி நோய் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அவரும் அந்நோயிற்பட்டு, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். தான் பிழைத்ததையும் உடன்பிறந்தார் மாண்டதையும் அவரால் மறக்க இயலவில்லை. கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய கல்வி. இரவில் மருத்துவமனையில் நோயாளரின் மலசலக் கலங்களைச் சுமக்கும் கூலிவேலை. அவர் பின்னர் தாயகம் திரும்பவே இல்லை.

சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து இரத்தத்திலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். தசையின் ஆற்றலுக்கு அடிப்படையான பொருள்களை இருவரும் கண்டறிந்தனர். எனினும் கிராணி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார்.

இதனிடையே கிராணியின் முடிச்சை அவிழ்க்கும் நூலிழை ஒன்று பம்பாயில் கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் அங்கு வந்து, நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கருவுற்ற பெண்களின் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அதனைத் தீர்ப்பதை 1931இல் உலகிற்கு அறிவித்தார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்தையே 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அதனைச் செயற்கையாக உருவாக்கும் பணியைச் சுப்பாராவின் குழு 1945இல் நிறைவேற்றியது. அவ்வாண்டே டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதனைக் கிராணி நோயாளருக்கு அளித்தார். அவர்களின் இரத்தம் ஊறியது, உடல் தேறியது. தம்மைப் பிறந்த மண்ணிலிருந்து கடல் கடக்கச் செய்த துயரத்திற்குச் சுப்பாராவ் அளித்த மறுமொழி அது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அதுவே போதுமான அறமாகும். ஆனால் சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தின் போலிகளையும் உருவாக்கியது. உண்மைச் சத்தைப் போலத் தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்கள் அவை. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்து, 1948இல் அதனை வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். அமினோப்டெரினின் உறவுப் பொருளாகிய மெத்தோட்ரெக்சேட் பின்னர் மருத்துவத்தில் நிலைபெற்றது.

இப்போது மூன்றாவது நோயாகிய குடல் அழற்சியின் பக்கம் திரும்புவோம். ஹார்மோன் எனும் சுரப்பின் வரலாறே குடலில்தான் தொடங்குகிறது. 1902இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், சிறுகுடல் இரத்தத்தில் அனுப்பும் ஒரு பொருள் கணையத்தைத் தூண்டுவதைக் கண்டனர். ஹார்மோன் என்ற சொல்லே அதனையொட்டி 1905இல் வழக்கிற்கு வந்தது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனாகிய கார்ட்டிசோனை, 1948 செப்டம்பரில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அளித்தார். 1950இல் அவரும் கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோரும் நோபல் பரிசு பெற்றனர். தொடக்கத்தில் மாட்டின் பித்தநீரிலிருந்து நீண்ட படிகளைக் கடந்து செய்யப்பட்டதால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அதனைக் கீழிறக்கியது ஒரு கிழங்கு! ரசல் மார்க்கர் என்ற வேதியியலார் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ஹார்மோன் செய்யும் வழியை 1940களில் கண்டார். 1952இல் ஒரு பூஞ்சையின் உதவியும் சேர, கார்ட்டிசோன் பலருக்கும் கிட்டியது. கொல்லிமலை மக்கள் தலைமுறை தலைமுறையாய் அகழ்ந்து உண்ணும் காட்டு வள்ளியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததே. ஏழை தோண்டும் கிழங்கின் உறவில் இறைவன் எத்தனை அருமருந்துகளை ஒளித்து வைத்திருக்கிறார்!

பெருங்குடல் அழற்சிக்கு இம்மருந்து உதவுமா என்ற வினாவிற்கு ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் 1955இல் விடை தந்தனர். 210 நோயாளரைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கார்ட்டிசோனும் மற்றவருக்குப் போலி மருந்தும் கொடுத்தனர். 6 வார முடிவில் கார்ட்டிசோன் பெற்றவருள் 100க்கு 41 பேர் நோயறிகுறி நீங்கினர்; மற்றவருள் 16 பேரே நீங்கினர். இதற்கு முன்னரே சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார், முடக்குவாதத்திற்கென உருவாக்கிய சல்ஃபாசலசீன் மாத்திரை இக்குடல் நோயையும் தணிப்பதைக் கண்டு 1942இல் எழுதியிருந்தார்.

ஆயினும் ஹார்மோன் மருந்து இருபுறமும் கூரான வாள். முகம் வீங்கும், எலும்பு நலியும், சர்க்கரை ஏறும், தொற்றுநோய் எளிதில் பற்றும். நீண்ட நாள் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். நம் நாட்டில் மற்றோர் அபாயமும் உண்டு. குடற்காசநோய் பார்வைக்குக் குரோன் நோய் எனும் குடல் அழற்சியைப் போலவே தோன்றும். காசநோயை அழற்சி என்று தவறாகக் கொண்டு ஹார்மோன் மருந்தைக் கொடுத்தால் நோய் மூண்டெழும். மருத்துவச் சீட்டின்றிக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் நம் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஹார்மோன் மருந்தை விட இயலாமல் தவித்த குரோன் நோயாளருக்கு விடுதலை எங்கிருந்து வந்தது? 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அத்தகைய 141 பேருள் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் ஊசி இடப்பட்டது. 16 வாரங்களில் அவர்களுள் 100க்கு 39 பேர் ஹார்மோன் மருந்தை விட்டும் நலமாயிருந்தனர். போலி ஊசி பெற்றவருள் 19 பேரே அந்நிலையை எய்தினர். மெத்தோட்ரெக்சேட் பெறுவோருக்கு அதன் கடுமையைத் தணிக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர்கள் சேர்த்தே எழுதுகின்றனர். தடுக்கும் பொருளும் காக்கும் பொருளும் ஒரே ஆய்வுக்கூடத்து மரபில் வந்தவை! கருவைச் சிதைக்கும் ஆற்றல் உடையதாகையால் கருவுற்றோர் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடலாகாது; கருவுற்றோருக்கு நாடெங்கும் இலவசமாய் வழங்கப்படுவதோ இரும்புச்சத்துடன் சேர்ந்த ஃபோலிக் அமில மாத்திரை.

திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரத்தில், மால்தா தீவின் தலைவருடைய தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் படுத்திருந்ததையும், பவுலடியார் வேண்டிக் கைகளை வைத்து அவரைக் குணமாக்கியதையும் வாசிக்கிறோம். தம் உடன்பயணியாகிய லூக்காவை 'அன்பார்ந்த மருத்துவர்' என்றே பவுலடியார் குறிப்பிடுவதும் நாம் அறிந்ததே. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சீராக்கின் ஞானநூலும் மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையெனவே கூறுகிறது. அப்படியாயின் மருந்தைக் கவனமின்றிக் கையாள்வதும், ஏழைக்கு அது எட்டாதபடி விலையேற்றுவதும் கொடையளித்தவரை அவமதிப்பதேயாகும்.

ஜெசி பிராண்ட் தாம் பணி செய்த மலைமக்களின் நோயாலேயே மாண்டார். சுப்பாராவ் உடன்பிறந்தாரைக் கொன்ற நோயோடு வாழ்நாளெல்லாம் போராடினார். இருவரும் நம் மறையினரோ சபையினரோ அல்லர்; எனினும் நல்ல சமாரியர் உவமையை நமக்கு விளக்கிச் சொன்னவர்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் கருவுற்ற தாயொருத்தி, மருத்துவமனை வாயிலில் அச்சிறு மாத்திரையைப் பெற்று வாயிலிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். அதைத் தந்தவர் பெயர் அவளுக்குத் தெரியாது. அவளுடைய வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது தெரிய வேண்டியதுமில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றி மறவாமை நம் கடனன்றோ!