தேங்காய் நாரும் அந்தமான் சிறையும்

நீலகிரி போன்ற குளிர்நாட்டில் கையால் பின்னிய கம்பளிக் காலுறையைத் துவைப்போர், அதனை மற்றத் துணிகளைப்போல் கல்லில் அடிப்பதில்லை. வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவிடுவர். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துணியொன்றில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுப்பர். பின்னர்ப் பாதத்தின் வடிவத்திற்கு இழுத்தமைத்து நிழலில் உலரவிடுவர். கம்பளி மயிரின்மேல் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. வெப்பமும் தேய்ப்பும் ஈரத்தோடு சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். காலுறை சுருங்கித் தடித்துப் பயனற்றுப்போகும். இழையைப் பதப்படுத்துவதில் நீருக்கும் காலத்திற்கும் உரிய பங்கினைக் கொடுத்தாக வேண்டும் என்பதை இச்சிறு செயலிலிருந்து நாம் அறிகிறோம்.

அப்பங்கினை வேண்டுமென்றே மறுத்த இடம் ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. அதுவே அந்தமான் சிறை. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த அத்தீவில் கம்பளிக்கு வேலை இல்லை. அங்கே மனிதக் கைகள் அடித்தும் நனைத்தும் உலர்த்தியும் திரித்தும் வந்த இழை தேங்காய் நாராகும்.

தென்னை மட்டையிலிருந்து நார் எடுக்கும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. குமரிக் கடற்கரையிலும் அதனை அடுத்த மலையாள நாட்டிலும், பச்சை மட்டைகளை உப்பங்கழி நீரில் அமிழ்த்தி, ஆறு முதல் பத்துத் திங்கள் வரை ஊறவிடுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள், நாரோடு நாரை ஒட்டவைத்திருக்கும் பசையை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகின்றன. அதன்பின் கொட்டாப்புளியால் தட்டினால் சக்கை உதிர்ந்து நார் பிரியும். அதனைக் கழுவி உலர்த்தி, ராட்டில் இட்டுக் கயிறாகத் திரிப்பர். இத்தொழிலும் எளியதன்று. அழுகிய மட்டையின் நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு, சிறு கூலிக்காக நாள் முழுவதும் மட்டை தட்டியவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்களே. ஆயினும், அவர்கள் கொட்டாப்புளியை எடுக்குமுன்பே உப்பங்கழி தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

இனி அந்தமானுக்குச் செல்வோம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில அரசு, மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கரின் தலைமையில் 200 கைதிகளைப் போர்ட் பிளேயருக்கு அனுப்பியது. காடுகளை வெட்டித் திருத்தியவர்கள் அக்கைதிகளும் அவர்களுக்குப் பின்வந்த கைதிகளுமே ஆவர். திருத்திய நிலங்களில் தென்னந்தோப்புகள் எழுந்தன. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது செல்லுலார் சிறை. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் விரிந்த ஏழு கட்டடச் சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. ஒரு கைதியின் முகத்தை மற்றொரு கைதி காணாதவாறு அமைந்த தனியறைகள். ஓர் அறையின் நீளம் பதின்மூன்றரை அடி, அகலம் ஏழு அடி.

இச்சிறைக்கு 1909-ஆம் ஆண்டின் இறுதியில் அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்ற வங்க இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் பாரீந்திரகுமார் கோஷ். புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரின் தம்பி. தூக்குத் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு வந்தவர். அவர் பிற்காலத்தில் எழுதிய சிறை நினைவுகளில் நார் உரிக்கும் வேலை விளக்கமாகக் கூறப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் இருபது தேங்காய்களின் காய்ந்த மட்டைகள் கொடுக்கப்படும். மட்டையை ஒரு கட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் அடித்து இளக்க வேண்டும். மேற்றோலை உரித்தெடுக்க வேண்டும். நீரில் நனைத்து மீண்டும் அடிக்க வேண்டும். சக்கை முழுவதும் உதிர்ந்து நார் மட்டும் எஞ்சும் வரை அடி ஓயலாகாது. அந்நாரை வெயிலில் உலர்த்தித் தூய்மை செய்து, நாள்தோறும் ஒரு சேர் எடையுள்ள சுருளாக ஒப்படைக்க வேண்டும்.

இவ்விரு முறைகளையும் நாம் அருகருகே வைத்துப் பார்ப்போம். அங்கே பச்சை மட்டை, இங்கே காய்ந்த மட்டை. அங்கே பல திங்கள் ஊறல், இங்கே ஒரு நனைப்பு. உப்பங்கழியும் நுண்ணுயிரும் பல திங்களில் செய்யும் வேலையைப் பேனா பிடித்துப் பழகிய கை ஒரே பகலில் செய்தாக வேண்டும். ஆண்டிற்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், நாரை உலர்த்துவதும் எளிதன்று. அளவு குறைந்தால் தண்டனை உண்டு: கைவிலங்கு, கால்விலங்கு, கஞ்சி உணவு. ஆகவே, தொழில் ஒன்றே. அதிலிருந்து நீரையும் காலத்தையும் பிரித்தெடுத்தவுடன் அது தண்டனையாக மாறிவிட்டது. நார் கிடைப்பது மட்டுமே நோக்கமாயின், மட்டையைக் கடலோரத்தில் ஊறப்போட்டிருக்கலாம். அத்தீவைச் சுற்றிலும் உப்புநீர்தானே இருந்தது!

இத்தகைய வேலை அந்தமானில் புதிதாகத் தோன்றியதும் அன்று. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும், தார் ஏறிய பழைய கப்பற்கயிறுகளை விரலால் பிய்த்து நாராக்கும் வேலையைக் கொடுத்துவந்தனர். மரக்கப்பலின் பலகை இடுக்குகளை அடைக்க அந்நார் பயன்பட்டது. அங்கே கயிறு நாராயிற்று. அந்தமானில் மட்டை நாராகிக் கயிறாயிற்று. இரண்டிலும் தேய்ந்தது மனிதனின் விரல்.

சிறைக்கொடுமை என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது செக்கு. நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, அந்தமானுக்கு அனுப்பப்படாமல், கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை நாம் மறக்கவில்லை. அந்தமானிலும் செக்கே மிகக் கொடிய வேலை. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என்பது கணக்கு. செக்கு நினைவில் நின்றது, நார் மறந்துபோயிற்று. ஆயினும், அதே தேங்காயின் பருப்பு செக்கிற்கும், மட்டை கொட்டாப்புளிக்கும் சென்றன என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1912-இல் இந்துபூஷண் ராய் என்னும் இளைஞர் தம் அறையிலேயே உயிர் துறந்தார். வேலை செய்ய மறுக்கும் போராட்டங்கள் எழுந்தன. 1913-இல் இந்திய அரசின் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் கிராடக் நேரில் வந்து பார்த்தார். அடுத்த ஆண்டில், குறித்த காலத் தண்டனை பெற்ற அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்ற பாரீந்திரர் 1920-இல்தான் விடுதலை பெற்றார். 1930-க்குப் பின்னர் மீண்டும் அரசியல் கைதிகள் அங்கே அனுப்பப்பட்டனர். 1933-ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். 1937-ஆம் ஆண்டு உண்ணாநோன்புக்குப் பின்னரே, 1938-இன் தொடக்கத்திற்குள், எஞ்சிய அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நாடு திரும்பினர்.

இவர்களின் பெயர்களை நாம் அறிவோம். அவர்களுள் சிலர் எழுதியும் வைத்தனர். எழுத்தறியாத எத்தனையோ பொதுக் கைதிகளும் அதே சிறையில் அதே மட்டையை அடித்தனர். அவர்கள் விட்டுச்சென்றது நார் ஒன்றே.

ஏழு சிறகுகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 1979 பிப்ரவரி 11-ஆம் நாள் அச்சிறை தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே செல்வோர் வெறும் அறைகளைக் காண்கின்றனர். அக்கைதிகள் திரித்த கயிறு எக்கப்பலில் கட்டப்பட்டு எத்துறையில் இற்றுப்போயிற்றோ, அறிவார் இல்லை. இனி நாம் கிணற்றில் கயிறு பிடித்து நீர் இறைக்கும்போதோ, தேங்காயின் மட்டையை உரித்து ஒதுக்கும்போதோ, இருபது மட்டைகளோடு ஒருவர் தனியறையில் அமர்ந்திருந்த அப்பகற்பொழுதை ஒரு கணம் நினைப்போமாக.