பாத்திரம்: அளவுக்கு ஒரு பெயர்

பாத்திரம் என்றதும் நமக்கு அடுக்களைதான் நினைவுக்கு வரும். எவர்சில்வர் பாத்திரம், பேர் வெட்டிய பாத்திரம், சீர்வரிசைப் பாத்திரம், எடுக்க ஆளில்லாமல் பரணில் கிடக்கும் பாத்திரம். ஒரு வீட்டின் வசதியை அடுக்கி வைத்த பாத்திரங்களே சொல்லிய காலம் உண்டு. இதே சொல்தான், உடைமை வேண்டாம் என்று கிளம்பிய பௌத்தத் துறவியின் கையில் மிஞ்சிய கலத்துக்கும் பெயர்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘பா’ என்னும் வேருக்குக் குடித்தல் என்று பொருள். ‘திர’ கருவியைக் குறிக்கும் விகுதி. குடிக்க உதவும் கலம் பாத்திரம். வடமொழியிலேயே பொருள் விரிந்துவிட்டது. தானம் வாங்கத் தகுந்தவனும் பாத்திரம், நாடகத்தில் வேடம் தாங்குபவனும் பாத்திரம். தமிழ் மூன்றையும் எடுத்துக்கொண்டது. ‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்ற பழமொழியும், ‘நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்’ என்ற மேடைப் பேச்சும், சினிமா விமர்சனத்தின் ‘கதாபாத்திரமும்’ ஒரே கலத்தில் பிறந்தவை.

பாலி மொழியில் இது ‘பத்த’. பிக்குகளின் ஒழுக்கநூலான விநயபிடகம் இந்தக் கலத்துக்கு வகுத்த விதிகளைப் படித்தால், ஆசை எந்தச் சந்து வழியாகவெல்லாம் நுழையும் என்று அறிந்தவர்கள் எழுதியது தெரியும். ராஜகிருகத்து வணிகர் ஒருவர் சந்தனக்கட்டையில் பாத்திரம் கடைந்து உயரத்தில் தொங்கவிட்டார். சித்தி பெற்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிண்டோல பாரத்துவாசர் வானில் எழும்பி எடுத்துவந்தார். புத்தர் பாராட்டவில்லை, கடிந்துகொண்டார். பாத்திரத்தை உடைத்துச் சந்தனமாக அரைக்கச் சொன்னார். மரமும் பொன்னும் வெள்ளியும் செம்பும் விலக்கப்பட்டன. இரும்பும் மண்ணும் மட்டும் மிஞ்சின.

பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவுகள் உண்டு. கூடுதலாக ஒரு பாத்திரம் கிடைத்தால் பத்து நாளுக்கு மேல் தன்னுடையதென்று வைத்திருக்கக் கூடாது. இருப்பதில் ஐந்து ஒட்டாவது விழுந்திராமல் புதிது கேட்டு வாங்குவது குற்றம். அப்படி வாங்கியவர் அதைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் அது நீட்டப்படும். விரும்பியவர் எடுத்துக்கொண்டு தம் பாத்திரத்தை அடுத்தவருக்கு விடுவார். கடைசியில் எஞ்சும் கலம்தான் ஆசைப்பட்டவருக்கு; அது உடையும்வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும். புதிது கேட்டவர் கையில் சபையிலேயே பழையது வந்து சேர்வதற்கு வழி செய்த தண்டனை இது.

தமிழில் இந்தக் கலத்துக்குக் காப்பியமே அமைந்தது. மணிமேகலையின் 30 காதைகளில் மூன்று தம் தலைப்பிலேயே பாத்திரத்தைத் தாங்கியிருக்கின்றன. ‘கடிஞை’ என்ற சொல்லும் இதற்கு அங்கே வழங்குகிறது. அதில் வரும் அமுதசுரபி என்னும் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. ஆனால் அதை வைத்திருந்த ஆபுத்திரன் பணக்காரன் ஆகவில்லை. மழை பெய்து நாடு செழித்து, பசித்தவர் இல்லாமல் போனதும் கப்பலேறி, வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்துவிடப்பட்டபோது, ஊட்ட ஆளில்லாத கலம் எதற்கு என்று அங்கிருந்த கோமுகிப் பொய்கையில் அதை இட்டுவிட்டு உயிரும் விட்டான். பின்னால் மணிமேகலை அதைப் பெற்று, முதல் பிச்சையை ஆதிரையிடம் வாங்குகிறாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகைக்கு அதிலிருந்து ஒரு பிடி சோறு போதுமானதாக இருக்கிறது. தீராத பசிக்கு மருந்து இன்னும் நிறைய உணவு அல்ல என்று காப்பியத்தை எழுதிய சாத்தனார் கதையாகவே சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத்துறவி பாகியான், இன்றைய பெஷாவரான புருஷபுரத்தில் புத்தரின் பாத்திரம் வழிபடப்பட்டதை எழுதியிருக்கிறார். ஏழைகள் சில பூக்களைப் போட்டாலே அது நிறைந்துவிடுமாம். பெரும் செல்வர் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் நிறையாதாம். இலங்கையிலும் புத்தரின் பாத்திரம் என்று ஒன்று போற்றப்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டில் படையெடுத்து வந்த தமிழர் எழுவரில் ஒருவர் அனுராதபுரத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு மனநிறைவோடு அக்கரை திரும்பியதாக மகாவம்சம் சொல்கிறது. பற்றின்மையின் சின்னத்தைக் கொள்ளையடித்துத் திருப்தி அடைந்த அந்த வீரன் நம் காலத்துக்கும் அந்நியன் அல்லன்.

சொல் தெற்கேயும் கிழக்கேயும் நடந்தது. சிங்களத்தில் ‘பாத்ரய’. தாய்லாந்தில் எழுத்தில் ‘பாத்ர’ நின்றாலும் உச்சரிப்பு ‘பாத்’ என்று தேய்ந்தது. சீனர் ஒலிபெயர்த்து, பின் ‘போ’ என்று சுருக்கினார்கள். அந்த எழுத்தே ஜப்பானில் ‘ஹாச்சி’ ஆகி, இன்று சாதாரணக் கிண்ணத்துக்கும் பூந்தொட்டிக்கும் பெயராகிவிட்டது; நம் ஊரில் போலவே அங்கும் துறவியின் கலம் வீட்டுச் சாமானாயிற்று. ஆனால் ஜென் மடங்களில் துறவிகள் உண்ணும் கலத்துக்கு ‘ஓர்யோகி’ என்று வேறு பெயர். தேவைக்கேற்ற அளவுள்ள கலம் என்பது அதன் பொருள்.

அளவு தெரிந்தவனிடம் ஒரு பலம் உண்டு: அவனால் மறுக்க முடியும். சங்கத்துக்குத் தீங்கு செய்யும் இல்லறத்தாரிடம் பிச்சை ஏற்காமல் பாத்திரத்தைக் கவிழ்க்க விநயம் இடம் தருகிறது; லிச்சவி வட்டன் மீதுதான் அது முதலில் விதிக்கப்பட்டது. பர்மாவில் பிச்சைப் பாத்திரம் ‘தபெய்க்’. தபெய்க்கைக் கவிழ்ப்பது என்றால் அம்மொழியில் வேலைநிறுத்தம், புறக்கணிப்பு. 1920இல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் போராட்டத்துக்கும் இதுவே பெயர். 1990இலும் 2007இலும் பிக்குகள் ராணுவத்தாரின் பிச்சையை ஏற்க மறுத்துப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். ஆயுதம் ஏந்திய அரசையும் அது கலங்க வைத்தது. இன்னும் வேண்டும் என்பவனால் இதைச் செய்ய முடியாது.

சந்தை இதையும் விடவில்லை. பாங்காக்கின் பொன்மலைக்கு அருகிலுள்ள பான் பாத் என்னும் சேரியில் எட்டு இரும்புத் துண்டுகளை இணைத்து, தட்டித் தட்டிப் பிக்குகளுக்குப் பாத்திரம் செய்கிறார்கள். புத்தர் காட்டிய எண்வழியின் நினைவாகவே எட்டு என்பார்கள். ஆலைப் பாத்திரங்கள் மலிவாக வந்தபின் தொழில் சில குடும்பங்களோடு ஒடுங்கிவிட்டது. இன்று அங்கே வாங்குவோரில் பலர் சுற்றுலாப் பயணிகள். அலமாரியில் அழகுக்கு வைக்கும் இன்னொரு பொருளாகிறது துறவியின் கலம்.

தமிழில் சித்தர் மரபு இந்த அபாயத்தை முன்பே கண்டது. அரசைத் துறந்து வந்த பத்திரகிரியார் கையில் ஒரு திருவோடும் காலடியில் ஒரு நாயும் இருந்தன. பட்டினத்தார் அவரைச் ‘சம்சாரி’ என்று சுட்டினாராம், ஓடு பறந்தது. பௌத்தம் அந்த அளவுக்குப் போகவில்லை. கலம் இருக்கட்டும், அதற்கு ஓர் அளவும் கெடுவும் இருக்கட்டும் என்றது. அதனால்தான் அதன் விதிகள் வீட்டில் இருப்பவருக்கும் உதவும்.

துறவு எல்லோருக்கும் முடியாது. பத்து நாள் விதி முடியும். கூடுதலாக வந்த பொருளுக்கு ஒரு கெடு வைத்து, அதற்குள் தேவைப்படுபவரிடம் சேர்க்கலாம். இருக்கும் செல்பேசியோ குக்கரோ ஐந்து முறை பழுது பார்க்கப்பட்டதா என்று கேட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். பாத்திரத்தின் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கும் நாம், அதன் அளவையும் சேர்த்துக் காப்பாற்றுவோம்.