தோட்டத்துத் திடல்கள்

ஜொகூர் மாநிலத்தின் காற்பந்து வரலாற்றை எழுத முற்படுவோர்க்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் அளித்த கிண்ணத்துக்காக 1921 இல் தொடங்கிய போட்டியே இன்று மலேசியக் கிண்ணப் போட்டியாக விளங்குகிறது. அக்கிண்ணத்தை ஜொகூர் அணி 1985 இல் கோலாலம்பூரை 2-0 என்னும் கணக்கில் வீழ்த்தி முதன்முறையாகக் கைப்பற்றியது. 1991 இல் சிலாங்கூரை 3-1 என வென்று மீண்டும் பெற்றது. 1997 நவம்பர் 16 அன்று, ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கில் ஜப்பான் ஈரானை 3-2 என வென்று, முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அன்று அவ்வரங்கை நிறைத்திருந்தோரில் மிகப் பெரும்பாலோர் தம் அணியைத் தொடர்ந்து கடல் கடந்து வந்த ஜப்பானியரே.

அயலூருக்குத் துணை சென்ற அக்கூட்டத்தைப் பற்றி நண்பர் ஒருவர் வியந்து பேசியபோது, என் நினைவில் வந்து நின்றது உரமூட்டை ஏற்றும் லாரி ஒன்று.

ரெங்கம், லாயாங் லாயாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் யான். 1960களின் பிற்பகுதியில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், எங்கள் குழு அடுத்த தோட்டத்துக்கு ஆடப் போகும். ஆடுவோர் பதினொருவர், உடன் போவோர் அறுபதின்மர். கட்டிப்பாலின் நாற்றம் நீங்காத லாரியில், ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, செம்மண் சாலையில் குலுங்கிச் செல்வோம். ஒரு தப்பும் உடன் வரும். பந்து உள்ளே சென்றால் ஒரு முழக்கு. செல்லாவிட்டாலும் ஒரு முழக்கு.

இங்கிலாந்தில் 1888 இல் லீக் ஆட்டமுறை தோன்றியது. அதன் புறத்தே நின்ற சிறு சங்கங்களுக்கும் அங்கே வரலாறு உண்டு. அவற்றின் திடல்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று காண்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கின்றனர். ஆட்டந்தோறும் அச்சிட்ட சிறு ஏடுகளைச் சேர்த்து வைப்பவர்களும் உளர். எங்கள் தோட்டத்து ஆட்டத்துக்கு அச்சிட்ட தாள் ஏது? அலுவலகப் பலகையில் கிராணியார் சுண்ணக்கட்டியால் எழுதிய இரண்டு வரிகளே அதன் ஆவணம். திங்கட்கிழமை அதுவும் அழிக்கப்படும்.

திடல் என்பது லயங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே கிடந்த ஒரு புல்வெளி. வார நாள்களில் மாடு மேயும். திருவிழாக் காலத்தில் கூத்து நடக்கும். கோல் கம்பங்கள் காட்டு மரத்தால் ஆனவை, வலை கிடையாது. ஆகவே பந்து கம்பங்களின் உள்ளே சென்றதா, வெளியே சென்றதா என்பது எப்போதும் வழக்குக்குரிய செய்தி. நடுவர் பெரும்பாலும் விருந்தளிக்கும் தோட்டத்தின் கிராணியாகவே இருப்பார். வேலைத்தலத்தில் பெயர் போடும் அதிகாரம் உடையவரை ஆட்டத்தில் எதிர்த்துப் பேச அவருடைய தொழிலாளர்க்குத் துணிவு வராது. ஆனால் வெளித்தோட்டத்தாராகிய எங்களுக்கு அந்த அச்சமில்லை. நாக்கின் கட்டு அவிழ்வதற்காகவே சிலர் லாரி ஏறினார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆடியவர்கள் யார்? விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நானூறு, ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளி சுமந்து நண்பகலில் திரும்பியவர்கள். வார நாள்களில் அவர்கள் பயிற்சி செய்தது அந்த உழைப்பின் பின்னரே. காலணி இருந்தவர் சிலர், வெறுங்காலர் பலர்.

சென்ற இடத்தில் எங்களைப் பகைவராக எவரும் நடத்தியதில்லை. பெரிய வாளியில் பால் கலந்த தேநீர் வரும். “மாமா, இந்தப் பக்கம் நிழல் இருக்கு, வாங்க” என்று யாரோ அழைப்பார்கள். அழைத்தவருடைய அத்தை எங்கள் லயத்தில் வாழ்க்கைப்பட்டவளாயிருப்பாள். பெண் கேட்பதற்கென்று தனியே ஒரு நாள் கூலியை இழந்து பயணம் போக இயலாத மக்களுக்கு, ஆட்டநாளே உறவு விசாரிக்கும் நாளாயிற்று. பெரியவர்களில் பலர் ஆட்டம் முடிந்தபின் யார் வென்றது என்று எங்களையே கேட்பார்கள்!

இந்தப் பயணங்களுக்கு முன்கதை ஒன்று உண்டு. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தோட்டத் தமிழரைச் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. போருக்கு முன் தம்முடன் ஆடியவர்களை எண்ணத் தொடங்கும் முதியவர்கள், ஐந்தாறு பெயருக்குப் பின் எண்ணுவதை நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அடுத்து 1948 இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. ஜொகூர் அதன் கடுமையை முழுமையாகக் கண்ட மாநிலம். சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன, ஊரடங்கு விதிக்கப்பட்டது. 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு வந்தபோது, பல பகுதிகளில் ஒரு கவளம் சோற்றையும் வேலிக்கு வெளியே கொண்டுபோதல் குற்றமாயிற்று. கட்டுச்சோறு இல்லாமல் அயல் தோட்டத்துக்குப் பயணம் ஏது? நான் அறிந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள், வேலி அகன்றபின் மீண்டு வந்தவை. லாரியில் முதியவர்கள் போட்ட கூச்சலின் பொருள் சிறுவனாகிய எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாட்டு அணியில் ஆடிய நம்மவரை ஏடுகள் அறியும். 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என வென்ற மலேசிய அணியில் மு. சந்திரன் இருந்தார். 1980 இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போகாதிருந்த அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1988 இல் சாலை விபத்தில் மறைந்தார். இவர்களைப் பற்றி மாணவர்கள் கட்டுரை எழுதுவதைக் கண்டு மகிழ்கிறேன். ஆயினும், திடலின் ஓரத்தில் நின்றவர்களைப் பற்றி ஒரு மாணவரும் எழுதி நான் படித்ததில்லை. இது மாணவர் குற்றமன்று. ஆசிரியராகிய நாம் கேட்டதில்லை.

கேட்பதற்கான காலமும் குறுகிவருகிறது. 1950களிலேயே பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின்னர் இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு வேண்டிய கைகள் குறைவு. எஞ்சிய நிலம் வீடமைப்புப் பகுதிகளாயிற்று. லயம் கலைந்தபோது கோயிலுக்காகவும் பள்ளிக்காகவும் பேச ஆளிருந்தது. அவற்றுள் சில வேறிடத்திலேனும் தொடர்கின்றன. திடலுக்காகப் பேசியவர் இல்லை. அது வெறும் நிலம் என்றே எல்லாரும் எண்ணினோம். 2020 இல் இஸ்கந்தர் புத்ரியில் 40,000 பேர் அமரத்தக்க சுல்தான் இப்ராகிம் அரங்கம் திறக்கப்பட்டது. அதன் அழகை நானும் சென்று கண்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவ்வாண்டுகளில் நாங்கள் ஆடப் போன திடல்களுள் ஒன்றைத் தேடி, அங்கே ஆடிய பெரியவர் ஒருவருடன் அண்மையில் சென்றேன். எங்கும் செம்பனை, ஒரே அளவு இடைவெளியில் வரிசை வரிசையாக நின்றது. அவர் ஓடைப் பாலத்திலிருந்து காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்து, இரண்டு மரங்களுக்கு இடையே நின்றார். “இதுதான் நடு. நீங்கள் வெளித்தோட்டம்; உங்கள் ஆள்கள் நின்றது அந்தப் பக்கம், தம்பி” என்று கைகாட்டினார். நான் அந்தப் பக்கம் போய் நின்றேன்.