ஸேன் க்ளூ: இரண்டு பிரமாணங்கள்

1799 நவம்பர் 10ஆம் தேதி பிற்பகல். பாரிஸுக்கு மேற்கே ஸேன் க்ளூ அரண்மனையில், ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காப்பதற்காகக் கட்டிய நீண்ட கூடமொன்றில் பிரெஞ்சுக் குடியரசின் ஐந்நூற்றுவர் சபை கூடியது. இடம் தயாராகாததால் கூட்டம் தாமதமாயிற்று. கூடியதும் உறுப்பினர்கள் செய்த முதல் காரியம், 1795ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தைக் காப்பதாக ஒவ்வொருவராக எழுந்து பிரமாணம் எடுத்துக்கொண்டது. வெளியே முற்றத்தில் துருப்புகள் நின்றிருந்தன. உள்ளே பெயர்பெயராக அழைத்துப் பிரமாணம் நடந்துகொண்டிருந்தது. பொழுது சாயும்போது அந்தச் சபை இல்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. அதில் முப்பது வயதுத் தளபதி ஒருவன், தளர்ந்துபோன அரசைத் தன் மனவலிமையால் ஒரே வீச்சில் கைப்பற்றுகிறான். நெப்போலியன் போனபார்ட்டை வீரகாவியமாக எழுதுகிறவர்களுக்கும், சர்வாதிகாரத்தின் மூலக்கதையாக எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சித்திரம் வசதியானது. ஆனால் அன்றைய பிற்பகலை நெருங்கிப் பார்த்தால் அந்த வீரனைக் காணோம். அவன் உளறினான், தடுமாறினான், அவனைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஜெயித்தான். எப்படி என்பதற்குப் பதிலை அவனிடம் தேடுவதைவிட, அன்று பிரமாணம் எடுத்தவர்களிடம் தேடுவது மேல்.

போனபார்ட் புரட்சியின் பிள்ளை என்பதில் ஐயமில்லை. கார்ஸிகா தீவு பிரான்ஸின் வசமான மறு வருஷம், 1769இல், அங்கே வசதி குறைந்த சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவன். பழைய ஆட்சி நீடித்திருந்தால் பீரங்கிப் படையில் ஒரு நடுத்தர அதிகாரியாகவே வயதாகியிருப்பான். புரட்சியை வெறுத்த பிரபுக்குல அதிகாரிகள் நாட்டைவிட்டு ஓடியதில் படையின் மேற்பதவிகள் காலியாயின. 1793 டிசம்பரில் தூலோன் துறைமுகத்தை மீட்டதில் அவனுடைய பீரங்கிகளுக்குப் பெரும் பங்கிருந்தது. இருபத்துநான்கு வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆனான். இதுவரை அவன் கதை ஓஷ், ழூர்தான், மோரோ போன்ற அந்தத் தலைமுறைத் தளபதிகள் பலரின் கதைதான்.

அவனைத் தனியே பிரித்தெடுத்த ஆண்டு 1795. ரோபெஸ்பியரை வீழ்த்திய கன்வென்ஷன் உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் பயந்தார்கள். அவ்வாண்டு மே மாதம், ரொட்டியும் 1793இன் அரசியல் சட்டமும் கேட்டுச் சபைக்குள் புகுந்த பாரிஸ் ஏழைகளை ராணுவத்தைக் கொண்டு அடக்கி, ஸேன் அந்த்வான் பகுதி மக்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். பிறகு புதிய சட்டம் எழுதினார்கள்: இரண்டு சபைகள், ஐந்து டைரக்டர்கள், நாடு முழுவதற்கும் சொத்துள்ள தேர்வாளர்கள் சுமார் 30,000 பேர். அந்தச் சிறு கூட்டத்தையும் நம்ப முடியாமல், புதிய சபைகளில் மூன்றில் இரண்டு பங்கு இடம் தங்களுக்கே என்று ஆணை பிறப்பித்துக்கொண்டார்கள். இதை எதிர்த்து முடியாட்சி ஆதரவாளர்கள் முன்னின்று நடத்திய கிளர்ச்சியை, அக்டோபர் 5ஆம் தேதி பாரிஸ் தெருக்களில் போனபார்ட்டின் பீரங்கிகள் நொறுக்கின. தன் முதல் தேர்தலையே பீரங்கியின் துணையோடு நடத்திய ஆட்சி அது.

பிறகு அது பழக்கமாயிற்று. 1797 தேர்தலில் முடியாட்சி ஆதரவாளர்கள் நிறைய வந்தார்கள். செப்டம்பரில், இத்தாலியிலிருந்து போனபார்ட் அனுப்பிவைத்த ஓஜெரோவின் தலைமையில் துருப்புகள் சபைகளைச் சூழ்ந்தன. 49 மாவட்டங்களின் தேர்தல் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. இரண்டு டைரக்டர்கள் நீக்கப்பட்டார்கள். 1798 தேர்தலில் ஜாகோபின்கள் வந்தார்கள். இம்முறை துருப்புகூடத் தேவைப்படவில்லை. மே 11ஆம் தேதி ஒரு சட்டத்தின் மூலம் 106 பேர் விலக்கப்பட்டார்கள். வலப்பக்கம் சாய்ந்தாலும் இடப்பக்கம் சாய்ந்தாலும் தேர்தலின் முடிவைத் திருத்தி எழுதுவது ஆட்சியின் இயல்பாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் ஒன்றுதான்: குடியரசைக் காப்பாற்ற வேண்டும்.

இதே ஆண்டுகளில் ராணுவமும் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. தாய்நாட்டைக் காக்க எழுந்த படை, இத்தாலியில் தளபதியின் படையாயிற்று. மதிப்பிழந்த காகிதப் பணத்தில் சம்பளம் வாங்கிச் சலித்த வீரர்களுக்கு, 1796 மே முதல் பாதிச் சம்பளத்தை நாணயமாகக் கொடுத்தான் போனபார்ட். அது தோற்ற இத்தாலிய நகரங்களில் கறந்த பணம். அதில் ஒரு பகுதி பாரிஸுக்கும் போயிற்று. வறண்டு கிடந்த கஜானா அதை எதிர்பார்த்திருந்தது. தன் புகழைப் பரப்பப் பத்திரிகைகளை நடத்தினான். 1797 அக்டோபரில் ஆஸ்திரியாவோடு காம்போ போர்மியோ உடன்படிக்கையை ஏறக்குறையத் தன் இஷ்டப்படியே முடித்தான். வேலைக்காரன் கொண்டுவரும் பணத்தில் வீடு நடக்கும்போது எஜமானின் உத்தரவு எவ்வளவு தூரம் செல்லும்?

1799இல் டைரக்டரானார் ஸியேஸ். பத்தாண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்பாரே தேசம் என்று வாதாடிய பிரசுரத்தை எழுதியவர். அரசியல் சட்டத்தை மாற்ற விரும்பினார். சட்டப்படி மாற்ற ஒன்பது ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே ஒரு வாளைத் தேடினார். முதலில் நினைத்திருந்த ழூபேர் என்ற தளபதி ஆகஸ்டில் நோவிப் போரில் இறந்தான். எகிப்தில் தன் படையை விட்டுவிட்டுக் கப்பலேறிய போனபார்ட், அக்டோபர் 16ஆம் தேதி பாரிஸ் வந்து சேர்ந்தான். அதற்குள் மாஸேனா ஜூரிக்கில் ரஷ்யரை முறியடித்து, படையெடுப்பு அபாயம் விலகியிருந்தது. காப்பாற்றும் வேலை முடிந்த பிறகு வந்தவனுக்கே காப்பாற்ற வந்தவன் என்ற பிம்பம் கிடைத்தது.

நவம்பர் 9ஆம் தேதி, அதாவது புரட்சி நாட்காட்டியில் ப்ருமேர் 18, விடியற்காலையில் மூத்தோர் சபை கூட்டப்பட்டது. நம்ப முடியாத உறுப்பினர்களுக்கு அழைப்புப் போகவில்லை. ஜாகோபின் சதி என்ற பெயரில், சபைகளை ஸேன் க்ளூவுக்கு மாற்றவும் போனபார்ட்டைத் துருப்புகளுக்குத் தலைவனாக்கவும் தீர்மானம் நிறைவேறியது. இடம் மாற்ற அந்தச் சபைக்கு உரிமையுண்டு. தளபதியை நியமிக்க உரிமையில்லை. இத்தனைக்குப் பிறகு அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. ஸியேஸும் த்யூகோவும் பதவி விலகினார்கள். பராஸ் விலக வைக்கப்பட்டான். மற்ற இரு டைரக்டர்களும் காவலில் வைக்கப்பட்டார்கள்.

மறுநாள்தான் முதலில் சொன்ன பிற்பகல். பொறுமையிழந்த போனபார்ட் மூத்தோர் சபையில் கோர்வையில்லாமல் பேசினான். பிறகு சில வீரர்களோடு ஐந்நூற்றுவர் சபைக்குள் நுழைந்தான். ‘சட்டத்துக்குப் புறம்பானவன்’ என்ற கூச்சல் எழுந்தது. 1794இல் ரோபெஸ்பியரை முடித்தது அந்தப் பிரகடனந்தான். நெட்டித் தள்ளப்பட்டு, வீரர்களின் கைத்தாங்கலில் வெளியே வந்தான். நிலைமையைக் காப்பாற்றியவன் அவன் தம்பி லூஸியன். சபையின் தலைவன், உறுப்பினராவதற்குரிய வயதுகூட ஆகாதவன். வெளியே வந்து, கத்தி ஏந்திய சிலர் சபையின் பெரும்பான்மையை மிரட்டுவதாகத் துருப்புகளிடம் சொன்னான். சுதந்திரத்துக்குத் துரோகம் செய்தால் அண்ணனையே கொல்வேன் என்று வாளை உருவி அவன் மார்புக்கு நேரே நீட்டினான். முரசு முழங்கியது. ம்யூரா வீரர்களோடு உள்ளே நுழைந்தான். உறுப்பினர்கள் ஜன்னல் வழியே குதித்து ஓடினார்கள்.

சபையைக் காக்கும் காவலர்களைச் சபையின் மேல் ஏவ, சபைத் தலைவனின் வாயிலிருந்து வந்த பொய் தேவைப்பட்டது. வாளால் மட்டும் முடியவில்லை; சட்டத்தின் குரலும் வேண்டியிருந்தது. பாரிஸ் அசையவில்லை. அசையக்கூடியவர்களின் ஆயுதங்களை 1795இலேயே பறித்தாயிற்று. வாக்களித்தவர்களுக்கோ, தங்கள் வாக்கு என்னவாகும் என்று தெரிந்திருந்தது.

வெற்றிக்குப் பிறகும் அதே முறைதான். புதிய அரசியல் சட்டம் டிசம்பர் 25ஆம் தேதி, ஜனவாக்கெடுப்பு முடிவதற்கு முன்பே, அமலுக்கு வந்தது. 1800 பிப்ரவரியில் வெளியான முடிவு: ஆதரவு 30,11,007, எதிர்ப்பு 1,562. 1972இல் க்ளோத் லாங்ல்வா மூலக் கணக்குகளை ஆராய்ந்து, உண்மையான ஆதரவு இதில் ஏறக்குறைய பாதிதான் என்று காட்டினார். படைவீரர்களின் பெயரில் மட்டும் ஐந்து லட்சம் வாக்குகள், வாக்கெடுக்காமலே சேர்க்கப்பட்டிருந்தன. உள்துறை அமைச்சன் லூஸியன். அதே ஜனவரியில் பாரிஸின் 73 அரசியல் பத்திரிகைகளில் 60 நிறுத்தப்பட்டன. 1802இல் போனபார்ட் ஆயுட்காலக் கான்ஸல், 1804இல் சக்கரவர்த்தி.

ஆனால் நவம்பர் 10ஆம் தேதி இன்னும் முடியவில்லை. அன்றிரவு, ஓடியவர்களில் கிடைத்தவர்களைத் திரட்டிவந்து உட்காரவைத்தார்கள். அவர்கள் துருப்புகளுக்கு நன்றி தெரிவித்தார்கள். தங்கள் சகாக்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சபையிலிருந்து விலக்கினார்கள். போனபார்ட், ஸியேஸ், த்யூகோ மூவரையும் தற்காலிகக் கான்ஸல்களாக்கினார்கள். மூவரும் உள்ளே வந்து, குடியரசுக்கும் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் பிரதிநிதித்துவ ஆட்சிக்கும் விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் அன்று அது இரண்டாவது பிரமாணம். முதலாவதை எடுத்தவர்களில் சிலர் அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.