சொந்தப் பக்கம்: ஒரு கைவேலையின் சரித்திரம்

இணையத்தின் சரித்திரம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் கம்பெனிகளின் சரித்திரமாகவே இருக்கிறது. யார் யாரை என்ன விலைக்கு வாங்கினார்கள், எந்த வருஷம் எத்தனை கோடிப் பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு. இதற்கு அடியில் வேறொரு சரித்திரமும் ஓடியிருக்கிறது. ஒரு மனிதன் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதைக் கட்டவும் பழுதுபார்க்கவும் வேண்டிய சின்னப் புரோகிராம்களைத் தானே எழுதிக்கொண்ட சரித்திரம். எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதியவனுக்கும் அவன் எழுத்து நிற்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் என்ற பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள், நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டரில், வலையின் முதல் உருவத்தைச் செய்தும் விட்டார். அந்த முதல் பிரௌசரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அதில் படிப்பதோடு எழுதவும் முடியும். திருத்தலாம், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புப் போடலாம். வாசகன் கையிலும் பேனா இருந்தது. ஆனால் நெக்ஸ்ட் வைத்திருந்தவர்கள் வெகு சிலர். எல்லா மெஷின்களிலும் ஓட வேண்டும் என்பதற்காக நிகோலா பெல்லோ என்ற கணித மாணவி எளிய பிரௌசர் ஒன்றை எழுதினார். 1991இல் வெளிவந்த அது வரிவரியாகக் காட்டும், எழுத விடாது. 1993இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் செய்த மொசைக், எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. ஜனங்கள் குவிந்தார்கள். அதிலும் பக்கத்தைத் திருத்த வழியில்லை. அதே 1993 ஏப்ரல் 30 அன்று, வலையின் புரோகிராம்களை யாரும் உரிமைப்பணம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. உரிமை எல்லோருக்கும் வந்தபோது எழுதும் கருவி கையை விட்டுப் போயிருந்தது. பின்னால் வந்த கைவேலைகள் பலவும் இந்தப் பிளவை அடைக்கச் செய்த யத்தனங்கள் என்றே நான் பார்க்கிறேன்.

முதலில் பக்கம் வைத்துக்கொண்டவர்களில் பலர் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள். யூனிக்ஸ் மெஷினில் ஒவ்வொருவருக்கும் ஒரு டைரக்டரி. அதற்குள் போட்டு வைத்ததை உலகம் படிக்கலாம். முகவரியில் ஆளின் பெயருக்கு முன்னால் ஒரு அலைக்கோடு வரும். 1970களின் ஏ.டி.எம்-3ஏ என்ற டெர்மினலில் அலைக்கோட்டுக்கும் 'ஹோம்' என்ற சொல்லுக்கும் ஒரே விசை. அதனால் யூனிக்ஸில் அலைக்கோடு வீட்டுக்குக் குறியாயிற்று. ஒரு கீபோர்டின் தற்செயல் இருபது வருஷம் கழித்து ஆயிரக்கணக்கான வீடுகளின் வாசலில் கோலமாக நின்றது. அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தன் பக்கத்தைத் தொடங்கி, தன் வாழ்க்கையையே அதில் எழுதலானார். ஹெச்.டி.எம்.எல். குறிகளைக் கையாலேயே போட்டார். அந்தக் குறிகள் எளியவை. வேறொருவன் பக்கத்தின் மூலத்தை ஒரு விசையில் திறந்து பார்க்கலாம், பார்த்து எழுதலாம். வேறெந்தக் கலையும் தன் தையலின் உள்பக்கத்தை இப்படிப் பகிரங்கமாகக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

ஸ்க்ரிப்ட் எழுதவேண்டிய அவசியம் எங்கே பிறந்தது? அலுப்பில்தான். பத்துப் பக்கம் உள்ளவரைக்கும் ஒவ்வொன்றின் தலையிலும் காலிலும் வரும் வரிகளை நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அறுபது பக்கம் ஆனபின், மேலே உள்ள பட்டியலில் ஒரு இணைப்பை மாற்ற வேண்டுமென்றால் அறுபது ஃபைலைத் திறக்க வேண்டும். அப்போது தலைக்கு ஒரு ஃபைல், காலுக்கு ஒரு ஃபைல், நடுவில் கட்டுரை, மூன்றையும் ஒட்டித் தரும் நாலு வரி ஸ்க்ரிப்ட் என்று ஆகிறது. இதற்கான கருவிகள் வலைக்கு வெகுகாலம் முன்பே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் தயாராக இருந்தன. ஃபைல்களை ஒட்டும் 'கேட்' யூனிக்ஸ் பிறந்த நாளையது. மாறியதை மட்டும் திரும்பக் கட்டும் 'மேக்' என்பதை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் செய்தார். வரிகளைப் பிரித்து மேயும் 'ஆக்' 1977இல். கட்டுரைப் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குவது, எங்கெல்லாம் இணைப்பு அறுந்திருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் இவற்றைக் கொண்டே ஒரு மாலையில் செய்யக்கூடிய வேலை. செய்தவனுக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரியும். ஆறு மாதம் கழித்துக் கெட்டால் அவனே திறந்து பார்ப்பான்.

சர்வரிலேயே புரோகிராமை ஓட்டும் சி.ஜி.ஐ. ஏற்பாடு 1993இல் வந்தது. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழிக்கு இது தானாகக் கனிந்து விழுந்த பழம். வருகையாளர் எண்ணிக்கை, விருந்தினர் ஏடு, கடிதப் படிவம் எல்லாம் பெர்லில் வந்தன. அமெரிக்காவின் கொலராடோவில் பள்ளி மாணவனாக இருந்த மாட் ரைட் 1995இல் தன் ஸ்க்ரிப்ட்களை ஒரு கிட்டங்கி போல அடுக்கி இலவசமாகக் கொடுத்தார். உலகம் எடுத்துக்கொண்டது. புரோகிராம் என்றால் என்னவென்று அறியாதவர்களும் இரண்டு வரி மாற்றித் தங்கள் பக்கத்தில் பொருத்தினார்கள். அனுமதி எண் 755 என்று வைக்க வேண்டும். விண்டோஸில் தட்டிய ஃபைலைச் சரியான முறையில் அனுப்பாவிட்டால் வரி முடிவில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஸ்க்ரிப்டைக் கொன்றுவிடும். திரையில் 500 என்ற எண் வந்து நிற்கும். இந்தச் சில்லறைத் துன்பங்கள் வழியாகத்தான் ஒரு தலைமுறை தொழில் கற்றது.

இதையெல்லாம் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாட் ரைட்டின் கடிதப் படிவ ஸ்க்ரிப்டில், கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரி படிவத்துக்குள்ளேயே இருந்தது. அதை மாற்றி அனுப்பினால் உங்கள் சர்வர் எவனுடைய குப்பைக் கடிதத்தையும் யாருக்கும் சுமந்து போகும். குப்பைக் கடிதக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பிறகு லண்டனில் பெர்ல் புரோகிராமர்கள் குழுவொன்று அதே வேலையைச் செய்யும் ஒழுங்கான ஸ்க்ரிப்ட்களை எழுதிக் கொடுத்தது. தானே எழுதிய ஸ்க்ரிப்டில் உள்ள ஓட்டை எழுதியவனோடு போகும். வாங்கி ஒட்டிய ஓட்டை லட்சம் வீட்டில் ஒரே சமயத்தில் திறக்கிறது.

இன்னொரு கதை இதைவிட விசித்திரம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் இணையத்தில் தன்னைப் பற்றிய விவரக்குறிப்பு ஒன்றை வைத்திருந்தார். அதை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய ஸி மொழியில் சில சிறு புரோகிராம்கள் எழுதினார். வேலை தேடுகிற எவனுக்கும் உள்ள நியாயமான ஆவல். அவற்றுக்கு 'பெர்சனல் ஹோம் பேஜ்' கருவிகள் என்று பெயர் வைத்து 1995 ஜூனில் எல்லோருக்கும் கொடுத்தார். பி.ஹெச்.பி. என்ற மூன்றெழுத்து அங்கிருந்து வந்தது. பிற்பாடு அது பெரிய மொழியாகி, பெயருக்கு வேறு விரிவும் சொல்லப்பட்டது. விக்கிபீடியா அதில்தான் ஓடுகிறது. 2004இல் தொடங்கிய ஃபேஸ்புக்கும் அதில்தான் எழுதப்பட்டது. ஒருவன் தன் சொந்தப் பக்கத்துக்காகச் செய்த உளியைக் கொண்டே, சொந்தப் பக்கங்களைக் காலிசெய்த சத்திரம் கட்டப்பட்டது. லெர்டார்ஃபைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கருவி, செய்தவனோடு தங்குவதில்லை.

சத்திரம் என்றேன். அதற்கு முன்மாதிரியும் ஒன்று இருந்தது. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் கொடுத்தது. பேட்டைகளாகப் பிரித்து, கலைக்கும் எழுத்துக்கும் ஸோஹோ என்றும் கல்விக்கு ஏதென்ஸ் என்றும் பெயரிட்டு, ஒவ்வொருவருக்கும் கதவு எண்கூடக் கொடுத்தது. ஆனால் குடியிருப்பவன் தன் ஸ்க்ரிப்டை அங்கே ஓட்ட முடியாது. சுவரில் ஆணி அடிக்கலாம், கிணறு வெட்டக்கூடாது. 1999இல் யாஹூ அதை வாங்கியது. அங்கே எழுதப்பட்டவற்றின் மீது விரிவான உரிமை கோரும் நிபந்தனைகளைப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் மாற்றிக்கொண்டது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியும் விட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழுவினர் அவசர அவசரமாக நகலெடுத்துக் காப்பாற்றியது ஏறக்குறைய ஒரு டெராபைட். மிச்சத்தில் எத்தனை மோசமான கவிதைகள் போயின என்று கிண்டல் செய்யலாம். நல்லதும் போயிருக்கும், எது என்று சொல்ல இப்போது யாரிடமும் பிரதி இல்லை.

அச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கைகோத்து அச்சடித்த பத்திரிகையில் ஃபாரம் முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அறைகளில் போட்டுவிடுவார்கள். ஆனாலும் பிரதி எங்கோ ஒரு பரணில் கிடக்கும். யாரும் அதற்கு வாடகை கட்டுவதில்லை. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா 1970இல் அதை நிறுத்திக்கொண்ட பிறகும் இதழ்கள் நின்றன. இணையப் பக்கத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் இல்லாமல் போகும். பெயருக்கு வருஷச் சந்தா, சர்வருக்கு வாடகை, மெஷின் மாறும்போது இடமாற்றம். பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதிய ஒரு கட்டுரையில், முகவரியில் ஸ்க்ரிப்டின் வால்பெயரைக் காட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நாளைக்கு ஸ்க்ரிப்ட் மாறும், அதோடு முகவரி சாகும், மற்றவர்கள் கொடுத்த இணைப்பெல்லாம் அறும். எளிய புத்திமதி, கேட்டவர்கள் குறைவு.

2000களின் தொடக்கத்தில் ராயல் டார்ன்ஃபெஸ்ட் எழுதிய 'ப்ளாக்ஸம்' எனக்குப் பிடித்த உதாரணம். சில நூறு வரிகள் கொண்ட ஒரே பெர்ல் ஃபைல். டேட்டாபேஸ் கிடையாது. டைரக்டரியில் ஒரு சாதாரண ஃபைலைப் போட்டால் அதுதான் கட்டுரை. முதல் வரி தலைப்பு. ஃபைலைக் கடைசியாகத் தொட்ட நேரம் அதன் தேதி. இதில் ஒரு விபரீதம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கட்டுரையில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினால் அது இன்று எழுதியதாகி முதலிடத்துக்கு வந்து உட்காரும். பிழையோடு விட்டுவிடுவதா, பொய்த் தேதியோடு வாழ்வதா? ஆளுக்கொரு ஒட்டு போட்டுக்கொண்டார்கள். புரோகிராம் சிறியது, எங்கே ஒட்ட வேண்டும் என்று தெரிந்தது. ப்ளாக்ஸமை இன்று பயன்படுத்துவோர் சொற்பம். ஆனால் அதில் எழுதியவர்களின் ஃபைல்கள் வெறும் எழுத்துக்களாக இருந்ததால் வேறு எதிலும் போய்ச் சேர முடிந்தது. ஜான் க்ரூபர் 2004இல் மார்க்டவுன் என்ற குறிமுறையை வெளியிட்டதும் ஒரு பெர்ல் ஸ்க்ரிப்டாகத்தான். அந்த ஸ்க்ரிப்ட் அந்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. குறிமுறையைப் பிறர் வேறு மொழிகளில் திரும்ப எழுதிக்கொண்டார்கள். ஸ்க்ரிப்ட் சாகலாம், எழுத்து அதற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. பெரிய ஸாஃப்ட்வேர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. அவை சாகாமல் இருப்பதற்காக நம் எழுத்து ஒவ்வொரு வருஷமும் அவற்றின் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது.

தமிழ் இந்தச் சரித்திரத்துக்குள் தாமதமாக வந்தது, சொந்தத் தொல்லையோடு. சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995 வாக்கில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர். ஸ்விட்ஸர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழைய நூல்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் எழுத்துருவுக்கொரு குறியீடு. சொந்தப் பக்கம் வைத்தவர்கள் வாசலிலேயே 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று எழுதி வைத்தார்கள். 1999 வாக்கில் டிஸ்கி வந்தது, பிறகு யூனிகோட். பழைய பக்கங்களை இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துக்களின் சிதறலாகத் தெரிகிறது. வாஸ்தவத்தில் எதுவும் அழியவில்லை. எண்கள் அப்படியே இருக்கின்றன, பெயர்கள்தான் மாறிவிட்டன.

மாற்றுவதற்கு ஒரு அட்டவணையும் சிறு ஸ்க்ரிப்டும் போதும் என்று தோன்றும். உட்கார்ந்தால்தான் தெரிகிறது. டிஸ்கி, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முன்னால், ஒகரக் குறி பின்னால். ஆகவே ஸ்க்ரிப்ட் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த மெய்யைத் தாண்டி, பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்து, பிறகே எழுத்தை முடிவு செய்ய வேண்டும். வேறு சில பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே குறி. அங்கே கௌதமனும் கெளுத்தி மீனும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். எந்த அட்டவணையும் இதைத் தீர்க்காது. விதிவிலக்குச் சொற்களைத் தனி ஃபைலில் பட்டியலிட்டு, ஸ்க்ரிப்டை ஓட்டி, வந்ததைப் படித்துப் பார்த்து, பட்டியலில் இன்னொரு சொல்லைச் சேர்த்து, திரும்பவும் ஓட்ட வேண்டியிருக்கிறது.